சிவப்பு மண்ணில் ஒற்றைத் தோடு

போன வாரம் மகளின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை, அந்தக் காலத்தில் தங்கம் எடுத்த மலைப்பகுதிக்கு ஒருநாள் அழைத்துப் போகிறார்கள். பழைய சுரங்கக் குழிகள் இருப்பதால் யாரும் பாதையை விட்டு விலகக் கூடாது என்று கீழே ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடி வைத்தேன். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஃபீல்ட் ட்ரிப்!" என்கிறாள் மகள். அவளுக்கு ஒன்பது வயது. அந்த மலைக்கு நான் போனபோது எனக்கும் ஒன்பதுதான்.

சென்னையிலிருந்து நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு பைத்தியம் அவரைப் பிடிக்கும். டெலஸ்கோப் வந்தது, அதன் பிறகு ரொட்டி சுடும் மெஷின். அந்தக் கோடையில், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்தும் மெட்டல் டிடெக்டர். மாமாவின் ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு மலையில் நிலம் இருந்தது. போய்த் தங்கம் தேடிக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாவுக்குச் சனிக்கிழமையும் வேலை. காய்ந்த புல்லைப் பார்க்க மூன்று மணி நேரம் காரில் போக வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அம்மா எலுமிச்சை சாதம் கட்டினாள்.

மிளகாய்த்தூள் கொட்டியதுபோல் சிவந்த மண். மாமா கருவியைப் போட்டதும் அது அலறியது. நாலடி தள்ளிப் போனார், அங்கேயும் அலறல். எங்கு பார்த்தாலும் தங்கம் என்று நான் குதித்தேன். தங்கமில்லை, மண்ணிலேயே இரும்பு கலந்திருக்கிறது, முதலில் இந்த மண்ணை மெஷினுக்குப் பழக்க வேண்டும் என்றார் மாமா. கருவியின் வட்டைத் தரைக்கு மேல் தூக்குவதும் தாழ்த்துவதும் குமிழைத் திருகுவதுமாக இருபது நிமிடம் போயிற்று. அலறல் முனகலாக அடங்கியது. அப்படியும், வழியில் கிடந்த கறுப்புக் கற்கள் ஒவ்வொன்றும் தங்கம்போல் நடித்தன.

"நெஜத் தங்கம் எப்படிக் கத்தும்னு தெரிஞ்சாத்தானே தேட முடியும்? அக்கா, கொஞ்சம் தங்கம் குடேன்."

"எதுக்குடா?"

"புதைச்சுப் பாக்கத்தான்."

"தங்கம் தேட வந்தவன் எங்கிட்ட தங்கம் கேக்கறான் பாரு! வளையலோட என்னையே புதைச்சுடு, நல்லாக் கத்துவேன்."

கடைசியில் என் தோடுகளில் ஒன்று கழன்றது. அம்மா லேசில் தரவில்லை. ஒருமுறை வீட்டில் அந்தத் தோட்டின் திருகாணி விழுந்தபோது, வேக்யூம் கிளீனரின் பையைக் கிழித்துக் குப்பையைச் செய்தித்தாளில் பரப்பி இரண்டு மணி நேரம் தேடியவள் அவள். மாமா தோட்டை இரண்டு விரல்கடை ஆழத்தில் புதைத்து, அடையாளத்துக்கு ஓர் ஐஸ்கிரீம் குச்சியை நட்டார். ஹெட்போனை என் காதில் மாட்டினார். யாரோ வாயைத் திறக்காமல் 'ம்' என்றதுபோல் ஒரு சத்தம். கருவியை இடமிருந்து வீசினாலும் வலமிருந்து வீசினாலும், சரியாக அதே இடத்தில் 'ம்'.

சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்க அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் கருவியோடு நடந்தேன். காதில் மண்ணின் முனகல் மட்டும்தான் இருந்தது. புதர்களைத் தாண்டியதும் திடீரென்று கணீரென்று ஒரு சத்தம். இடமிருந்து வீசினேன், வலமிருந்து வீசினேன், அதே இடம். சருகுகளை விலக்கினால் அடியில் மண் இல்லை, பலகைகள். வரிசையாகத் துருப்பிடித்த ஆணிகள். புதையல் பெட்டியின் மூடி என்று முடிவு செய்துவிட்டேன். இடுக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. பெட்டிக்குள் எப்படிக் காற்று? ஒரு கறுப்புக் கல்லை இடுக்கில் போட்டுவிட்டு, அது விழும் சத்தம் கேட்பதற்காக ஹெட்போனைக் கழற்றினேன். இன்னும் கிட்டே கேட்கலாமென்று ஒரு காலைப் பலகை மேல் வைத்தேன்.

"அசையாத! அங்கயே நில்லுடி!"

அது மாமாவின் குரல் மாதிரியே இல்லை. அவர் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, மற்றொரு காலைப் பிடித்து என்னை இழுத்தார். பலகை ஒன்று முறிந்து உள்ளே விழுந்தது. அது போன திசையிலிருந்து எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் கல் விழுந்த சத்தமும் கேட்கவேயில்லை.

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. இரண்டு கையாலும் மாமாவின் முதுகில் அடித்தாள்.

"உனக்குத் தெரியுமாடா? சொல்லு, தெரியுமா?"

"ஆரஞ்சு ரிப்பன் கட்டின பக்கம் பழைய சுரங்கக் குழி இருக்கு, போகாதீங்கன்னு அந்த ஃப்ரெண்டு சொன்னான்க்கா. இங்க ரிப்பனையே காணோம்."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்டியே."

சாதத்தை யாரும் தொடவில்லை. கார் ஃப்ரீவேக்கு வந்த பிறகுதான் எனக்குக் காது ஞாபகம் வந்தது.

"அம்மா, என் தோடு?"

மாமா வேகத்தைக் குறைத்தார். "திரும்பட்டுமாக்கா?"

"ஓட்டுடா."

அவ்வளவுதான் சொன்னாள். பின் சீட்டில் என் மணிக்கட்டைப் பிடித்தவள் ஃப்ரீமான்ட் வரும்வரை விடவேயில்லை. வலிக்கிறது என்றேன், பிடி தளரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

எனக்கு அவள்மேல் கோபமான கோபம். ஐஸ்கிரீம் குச்சி நட்ட இடம் எனக்குத் தெரியும், ஐந்து நிமிட வேலை. ஒரு திருகாணிக்காக வீட்டுக் குப்பையைச் சலித்தவள், என் தோடு என்றதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று பள்ளி திறக்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் போய், இருந்த தங்கத்தையும் தொலைத்துவிட்டு, அம்மா வெறுங்கையோடு வந்தாள் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.