சட்டைப்பையைப் பார்ப்பவர்

நெய்வேலிப் பனியில் மின்நிலையக் கட்டுப்பாட்டு அறையின் வாசல் மிதப்பதுபோல் தெரியும். அங்கே நின்ற கான்ட்ராக்ட் காவலாளி யார் முகத்தையும் பார்க்கமாட்டார், சட்டைப்பையைத்தான் பார்ப்பார்.

மகளின் கல்யாணப் படங்களை உள்ளே நண்பர்களுக்குக் காட்ட, உள்ளே கொண்டுபோகக் கூடாத பென்டிரைவைப் பேனாவுக்குப் பின்னால் மறைத்திருந்தேன்.

“பையில இன்னா சார்?”

“பேனாய்யா. பர்மனென்ட் ஆளையே சந்தேகப்படுறியா?”

“வெளிநாட்டுக்காரன் வைரஸ் வுட்டா நாடே இருண்டுடும்னு சொல்லிக்கினு இருக்காங்க. அதாங்க கேட்டேன்.” வழிவிட்டார்.

உள்ளே கணினியில் பென்டிரைவைச் சொருகியதும் திரைகள் உறைந்தன. அவர் பயந்தது போலவே வைரஸ். மின்சாரம் நிற்குமுன் தடுத்துவிட்டார்கள்.

விசாரணையில், “வாசலில் யாரும் கேட்கவில்லை” என்று பொய் சொன்னேன். பர்மனென்ட் ஆளான எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது; அவர் வேலை போயிற்று. அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

பனி இறங்கும் காலைகளில் அந்த வாசலில் இப்போதும் என் கை சட்டைப்பைக்குப் போகிறது. பேனா மட்டும்தான் இருக்கிறது. கேட்பதற்கு அவர் இல்லை.