மூன்று நிமிடத்துக்கு ஒரு மகன்

கிர்கிஸ் மலைநாட்டுக் கோச்கோர் ஊரின் பனிக்காலக் காற்றைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. கீழத்தெருவில் நாய் குரைத்தால் அந்தச் சத்தம் அன்றைக்கே மேலத்தெருவுக்கு வந்து சேராதாம். வழியில் ஏதாவது வேலியில் சிக்கிக்கொண்டு கிடந்து, மறுநாள் வெயில் வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து குரைக்குமாம். நம்பாதவர்கள் ஜனவரியில் போய் நின்று பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி ஒரே ஒரு சொல்லை இருபது வருஷத்துக்கு மேல் தொண்டையிலேயே வைத்திருந்தாள் என்றால் அதில் என்ன அதிசயம்?

அவள் பெயர் ஜிபார். கணவன் குபாத் வாடகைக் கார் ஓட்டுபவன். கோடையில் மலை ஏரியைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டில் இரண்டு அறைகளை விட்டு, ரொட்டியும் ஜாமும் தேநீரும் வைப்பாள் ஜிபார். பனிக்காலத்தில் ஈ காக்கை வராது. அதனால் அறை வாடகைக்கு விடும் பெண்களையெல்லாம் கூட்டி, நூலகத்து மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார்கள். சொல்லிக்கொடுக்க வந்த எல்னூரா தலைநகரத்துப் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். வகுப்பில் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள் என்பதால், அவள் எல்லோரையும் அக்கா என்பாள். அவர்கள் எல்லோரும் அவளைக் கண்டு நடுங்குவார்கள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு மூணு நிமிஷம் பேசணும்" என்றாள் எல்னூரா. "சொந்த அனுபவம். பேசி முடிச்சதும் கேக்கறவங்கள்ல யாராவது ஒரு கேள்வி கேக்கணும். அதுக்கும் இங்கிலீஷ்லதான் பதில்."

முன்வரிசையில் இரண்டு நாற்காலியை ஒருத்தியாகவே நிறைத்து உட்கார்ந்திருந்த ராகியா கையைத் தூக்கினாள். "மூணு நிமிஷமா? டீச்சர், நான் என் புருஷன்கிட்டயே சேர்ந்தாப்ல மூணு நிமிஷம் பேசி எத்தனை வருஷம் ஆச்சுன்னு தெரியுமா?"

"கேள்வி கேக்க ஆள் இருந்தா பேசுவீங்க அக்கா."

"அப்ப நான் அந்த ஜெர்மன்காரரைப் பத்திப் பேசறேன். காய்ஞ்ச தயிர் உருண்டையை சோப்புன்னு நினைச்சு மூஞ்சில தேய்ச்சிட்டு நின்னாரே, அவரை. பாவம், எங்க வீட்டுப் பூனை மூணு நாள் அவரை விட்டு நகரவே இல்ல." வகுப்பே சிரித்தது. ராகியா ஜிபார் பக்கம் திரும்பினாள். "உனக்கென்னடி கவலை? நீ ரொட்டியைப் பத்திப் பேசு. சுட்டுக் கொண்டாந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்துடு. வாய் நிறைஞ்சிருந்தா எவ கேள்வி கேப்பா?"

"எனக்கு என்ன நடந்திருக்கு, பேசறதுக்கு?" என்றாள் ஜிபார்.

"உங்களுக்கு மட்டுமே நடந்தது ஏதாவது இருக்கும்க்கா" என்றாள் எல்னூரா.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜிபார் அதையே மென்றுகொண்டு போனாள். அவளுக்கு மட்டுமே நடந்தது என்று ஒன்றும் இல்லை. அந்த ஊரில் அதே கதை தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் வலி மட்டும் தெருவுக்குப் பொதுவாக வருவதில்லையே.

பத்தொன்பது வயதில் அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். மறு வருஷமே ஆண்பிள்ளை பிறந்தது. நாற்பதாம் நாள் தலைக்குளியல் முடிந்ததும், மாமியார் ஷாரிபா பிள்ளையைத் துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். தலைப்பிள்ளை பெரியவர்களுக்கு என்பது வழக்கம். பிடுங்கிக்கொண்டதாக யாரும் நினைக்கவில்லை, ஷாரிபாவும் நினைக்கவில்லை. பால் கொடுக்கும் நேரம் மட்டும் பிள்ளை ஜிபாரிடம் வரும். குடித்து முடித்ததும் கதவுக்கு வெளியே இருமல் கேட்கும். அந்த இருமல் சத்தம் ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் என்பார்கள். ஜிபாருக்கு இன்றைக்கும் கேட்கிறது. அந்தக் கோடையிலேயே, முதல் பல் முளைப்பதற்கு முன், கிழவி பிள்ளையோடு மலை மேய்ச்சலுக்கு ஏறிப்போனாள். இலையுதிர்காலத்தில் இறங்கி வந்த பிள்ளை குதிரைப்பால் குடிக்கப் பழகியிருந்தது. அதன் வாயில் நான்கு பற்கள் இருந்தன.

ஷாரிபாவின் கடைசி மகன் என்று ஆகிவிட்ட பிறகு அவன் ஜிபாருக்குக் கொழுந்தன். புகுந்த வீட்டு ஆட்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமனார் பெயரில் இரும்பு என்று பொருள்படும் சொல் இருந்ததால், ஜிபார் இரும்பு அடுப்பைக்கூடக் 'கறுப்பன்' என்றுதான் சொல்வாள். கொழுந்தன் பெயருக்கும் அதே சட்டம். அவனுக்குத் திலெக் என்று பெயர் வைத்தவள் ஷாரிபா. அந்தப் பெயரை ஊரே கூப்பிட்டது, ஆட்டுக்கிடாய் மேய்ப்பவன் கூப்பிட்டான், தபால்காரன் கூப்பிட்டான். பெற்றவள் மட்டும் 'தம்பி' என்றாள். அவன் 'அண்ணி' என்றான்.

ரகசியம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் 'உன்னைப் பெத்தவ உங்க அண்ணிதான்' என்று கேலி செய்த அன்று திலெக் ஓடிவந்து கிழவியிடம் கேட்டான். "நீ என் வீட்டுக்கு வந்த வாசல்டா அவ. வீட்டுக்கு வர்றவன் வாசக்கதவுக்கா சலாம் வைப்பான்?" என்றாள் ஷாரிபா. அவன் சமாதானமாகி விளையாடப் போய்விட்டான். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த வாசக்கதவு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஜிபாருக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், படிக்கப் போனார்கள். ஆண்பிள்ளை பிறக்கவில்லை. போன இலையுதிர்காலத்தில் ஷாரிபா செத்துப்போனாள். மகன்கள் நிற்கும் வரிசையில், சாவுக்காகப் போட்ட கூடாரத்துக்கு வெளியே கோலை ஊன்றிக்கொண்டு, "என்னைப் பெத்தவளே!" என்று திலெக் கதறியது கூடாரத்துக்குள் மருமகள்களோடு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ஜிபாரின் காதில் விழுந்தது. அவள் அதற்கும் சேர்த்து அழுதாள்.

கிழவி போன பிறகு அவன் கூப்பிடும் முறை மாறும் என்று ஒரு நப்பாசை இருந்தது. மாறவில்லை. இப்போது அவன் இங்கிலாந்துக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறான். வெள்ளிக்கிழமை வகுப்பு, சனிக்கிழமை காலை கார். போனவர்கள் பலர் அங்கிருந்து வேறெங்கோ போய்விடுகிறார்கள். திரும்பி வருவது கடவுள் விட்ட வழி. அவன் போவதற்குள் ஒரே ஒரு தடவை, அவன் காது கேட்க, என் மகன் திலெக் என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கிர்கிஸ் மொழியில் வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் கிழவி இருமினாள். இங்கிலீஷில் மாமியார் இல்லை.

மறுநாள் சமையலறையில் வாணலியில் மாவுத்துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. திலெக் வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. இங்கிலீஷ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள்தான் அவனை உதவிக்குக் கூப்பிட்டிருந்தாள்.

"படிங்க அண்ணி, கேப்போம்."

மாவுக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் படித்தாள். "என் பெயர் ஜிபார். நான் கோச்கோரில் வசிக்கிறேன். எனக்கு மூன்று பிள்ளைகள்."

"ரெண்டு அண்ணி."

"மூணு தம்பி."

"ரெண்டுக்கு வேற வார்த்தை. முன்னாடியே சொல்லிக் குடுத்தேனே."

"எனக்கு எண்ணத் தெரியும்."

வாணலியில் மாவு கறுத்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, எடுக்கவில்லை.

"இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான் திலெக் மெதுவாக. "அம்மாவோட வருஷ விருந்துகூட இன்னும் முடியல. கல்லறையில அவங்க காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி."

அவன் களுக்கென்று சிரித்துவிட்டான். சிரித்ததற்காகவே பிறகு அவனுக்குக் கோபம் வந்தது. அவளிடமிருந்து தாளை வாங்கித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கிடுகிடுவென்று எழுதினான். "ரொட்டி சுடறதைப் பத்திப் பேசுங்க. எல்லாருக்கும் பிடிக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

"நீ கேக்க வருவியா?"

"வரேன். ரொட்டின்னா வரேன்."

அந்த வாரம் முழுக்க ஜிபார் ரொட்டியைப் பற்றி மாட்டிடம் சொன்னாள், கறுப்பனிடம் சொன்னாள், குபாத்திடமும் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு, ஒண்ணும் புரியல" என்றான் குபாத். அப்புறம் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு, "அவன் எழுதினதா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். அவனுக்கும் பெற்ற மகன் தம்பியாகிப் போயிருந்தான். கார் துடைக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. திலெக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ராகியாவின் ஜெர்மன்காரர் முகம் கழுவி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் ஆகிவிட்டது. சிரித்துச் சிரித்து எல்னூராவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஜிபார். தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

"நான் மாவு எடுக்கிறேன். உப்பு, பால், ஈஸ்ட். நன்றாகப் பிசைகிறேன். மூடி வைக்கிறேன்." பின்வரிசையில் அவன் தலையாட்டினான். "ரொட்டி உப்பும். அடுப்பில் வைக்கிறேன். எங்கள் வீட்டில் முதல் ரொட்டி பெரியவர்களுக்கு."

அந்த வரியையும் எழுதியவன் அவன்தான். வழக்கத்தைத்தான் எழுதியிருந்தான், வேறெதையும் நினைத்து எழுதவில்லை. ஆனால் ஜிபார் அந்த இடத்தைத் தாண்டவில்லை. தாளைக் கீழே இறக்கினாள்.

"எனக்கு ஒரு மகன்" என்றாள், அதே உடைந்த இங்கிலீஷில். "அவன் பெயர் திலெக். அவன் நாளைக்குப் போகிறான்."

அவன் அவள் பிள்ளை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயர்! மருமகள் வாயால், நடுச்சபையில், ஷாரிபாவின் கல்லறை மண் காய்வதற்குள்! ராகியா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி கெட்டது ஒட்டாமல் இருக்கத் தன் சட்டைக் கழுத்துக்குள் த்தூ த்தூ என்று துப்பிக்கொண்டாள். "பேரைச் சொல்லிட்டாளேடி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்னூராவுக்கு எதுவும் விளங்கவில்லை. "ரொம்ப நல்லா இருந்ததுக்கா" என்று கைதட்டினாள். "இப்ப கேள்வி. யார் கேக்கறீங்க?"

யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒரு கை எழுந்தது.

திலெக் எழுந்து நின்றான். முகம் தீயில் காட்டியது போலச் சிவந்திருந்தது. சுத்தமான இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக, அவளுக்குப் புரியும்படி கேட்டான்:

"ஏன் அவனைக் கொடுத்தீர்கள்?"

இருபது வருஷத்தில் அவனும் ஒன்றைத் தொண்டையில் வைத்திருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் வாசக்கதவையும் தாண்டி யோசித்திருக்கிறான். அவள் கதவைச் சாத்திக்கொண்டதாக நினைத்திருக்கிறான். பதில் சொல்ல அவளுக்கு ஒரு மலையளவு இருந்தது. பால் கட்டிக்கொண்ட இரவுகள், கதவுக்கு வெளியே கேட்ட இருமல், மலைப்பாதையில் குதிரை மறையும்வரை முற்றத்தில் நின்றது எல்லாம் இருந்தது. ஒன்றுக்கும் அவளிடம் இங்கிலீஷ் இல்லை.

"என்னை யாரும் கேட்கவில்லை" என்றாள். அப்புறம், கொஞ்சம் பொறுத்து, "முதலில் கேட்டது நீ."

அவன் அவளைப் பார்த்தான். உதடு ஒரு தரம் அசைந்தது. தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். எல்னூரா கடிகாரத்தைப் பார்த்து, வருத்தத்தோடு சொன்னாள்: "மூணு நிமிஷம் ஆகலையேக்கா. மகனைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்."

"என்னத்தைச் சொல்லுவா டீச்சர்" என்றாள் ராகியா. அவள் குரலில் சிரிப்பே இல்லை. "அவ பங்குக்கு வந்தது அவ்வளவுதான்."

சனிக்கிழமை காலை முற்றத்தில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். ஜிபார் பேசியது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. காற்றில் எங்கும் சிக்கிக்கொள்ளாமல் வந்து சேர்ந்த ஒரே பேச்சு அதுதான். குபாத் காரைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். தூரதேசம் போகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மிச்ச ரொட்டி அவன் திரும்பி வந்து தின்னும்வரை வீட்டில் காத்திருக்கும். அந்த ரொட்டியைப் பிடிக்க வேண்டியவள் தாய். திலெக் ராணுவத்துக்குப் போனபோது ஷாரிபா பிடித்தாள்.

இன்றைக்கு யார் பிடிப்பது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குபாத்தின் அத்தை ரொட்டித் தட்டை எடுக்கக் கை நீட்டினாள். கார் கதவைத் திறந்தபடி நின்ற குபாத், தன் ஆயுளிலேயே முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"அவகிட்ட குடுங்க அத்தை."

ஜிபார் ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திலெக் குனிந்தான். கடித்தான். மென்று விழுங்கும்வரை நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் கண்கள் அவள் முகத்துக்கு வெகு அருகில் இருந்தன. சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் நினைத்தார்கள்.

"வரேன், அண்ணி" என்றான்.

"போயிட்டு வா தம்பி" என்றாள்.

கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது. பெண்கள் தேநீர் குடிக்க உள்ளே வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். ஜிபார் ரொட்டியைச் சமையலறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். பிறகு கிட்டே போய் நின்று, அந்த அரைவட்டக் கடியை விரலால் தடவிப் பார்த்தாள். அவனுக்கு முதல் பல் முளைத்ததை அவள் பார்த்ததில்லை. மலைமேல் முளைத்தது அது. மேலே வரிசையாக நான்கு தடம், கீழே கொஞ்சம் கோணலாக ஒன்று. அவனுக்கு ஒரு கோணல் பல் உண்டு என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.