மேரு லயத்துப் பிரசவங்கள்

கிள்ளானில் நான் பயிற்சி பெற்ற மருத்துவச்சியாக இருந்த காலத்தில், சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலிருந்து என்னைக் கூட்டிப்போக மாட்டுவண்டி வரும். பெரும்பாலும் எல்லாம் கைமீறிய பிறகுதான் வரும்.

ஒரு வருஷம் மேரு என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மட்டும் மூன்று தடவை போனேன். மூன்றும் பிறந்து ஏழெட்டு நாளான குழந்தைகள். வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாய் வளைந்து கிடந்தன. கொடி அறுத்த புண் வழியாக ஏறும் இசிவு. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது குழந்தையின் மூச்சு அடங்கியபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. இடுப்பு வலிதான் தெரிந்தது.

தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தில் பிரசவம் பார்த்தவள், காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் ஒரு பெண். "தொப்புள்கொடிய எதால அறுத்தே?" என்று அவளைக் கேட்டேன்.

"பால் வெட்டுற கத்திதாம்மா. நல்லாத் தொடச்சிட்டுத்தான் அறுத்தேன்." திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டவும் எனக்குத் தெம்பில்லை. அவள் அடுப்பிலேயே பானையை ஏற்றி, என் கத்தரிக்கோலையும் நூலையும் கொதிக்கவிட்டுக் காட்டினேன். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவு, தொப்புளில் சாம்பல் வைக்காதே என்றேன். எல்லாவற்றையும் அவள் வாயால் திரும்பச் சொல்ல வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

என்னோடு படித்த தோழிக்கு இது பிடிக்கவில்லை. "கஷ்டப்பட்டுப் படிச்சத அடுப்படியில உக்காந்து சும்மா குடுத்துட்டு வந்திருக்கியே. இனி நம்மள யாரு கூப்பிடுவா?"

"கூப்பிடாம இருக்கட்டும். சாகப்போற பிள்ளைய பாக்க வண்டியேறிப் போக என்னால முடியல."

பிற்பாடு சிலர் அதைத் தருமம் என்றார்கள். அப்படி நினைத்து நான் செய்யவில்லை. தெரிந்ததை என்னோடு வைத்துக்கொண்டால் அத்தனை லயங்களுக்கும் நான் ஒருத்தியே ஓட வேண்டும். அது ஆகிற காரியமில்லை.

அந்தத் தோட்டத்திலிருந்து அப்புறம் அப்படியொரு குழந்தைக்காக வண்டி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பால் வெட்டும் பெண்ணே வந்தாள், பக்கத்துத் தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் பெண்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு. நான் நீண்ட பிரசவம் ஒன்றை முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன்.

"நீயே சொல்லிக் குடுத்திருக்கலாமே," என்றேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்கம்மா."

ஒரு மணி நேரம் படுத்து எழுகிறேன் என்றேன். நான் எழுந்து வந்தபோது மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.