பழைய படத்து வில்லியின் ரவிக்கை

ஊரில் எல்லோருக்கும் பழைய படத்துக் கதாநாயகிதான் வேண்டும். ரெட்டைச் சடை, பஃப் கை, வால் இழுத்த கண்மை, ஒரு பக்கமாகச் சாய்த்த தலை. எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். உடுத்தும் விஷயத்தில் என் குரு பழைய படத்து வில்லிதான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீடு மதுரையில். பத்து வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உறவுக்காரப் பெண்கள் சேலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அத்தனையும் சந்தனக் கலர், சாம்பல் கலர், பிஸ்கட் கலர். அவருடைய தங்கை, என் நாத்தனார், என் பட்டுகளையெல்லாம் எடுத்து அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றினாள். "இனிமே இதெல்லாம் எதுக்கு மதினி, பொம்பளப் பிள்ளைக்கு ஆகும்" என்றாள். அவள் குரலில் இருந்த அக்கறையைக் கேட்டால் கல்லும் கரையும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கத் தெம்பில்லை.

மூன்று மாதம் பிஸ்கட்டைச் சுற்றிக்கொண்டு வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசின. வீட்டுக் கணக்கைப் போடாமல் வந்தவள்கூட, திட்டு விழுமே என்று பயப்படாமல் எனக்காகப் பாவப்பட்டாள். ஒரு கணக்கு டீச்சருக்கு அதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

அந்த வருடக் கோடை விடுமுறையில் மத்தியானம் முழுக்க டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் பார்த்துக் கிடந்தேன். கதாநாயகி ஏழை. சேலை கிழிந்திருக்கும், கிழிசலில் ஒட்டுப்போட்ட துணி ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் சதுரமாக இருக்கும். ரெண்டு நாளாகச் சாப்பிடாதவளுக்குக் கண்மை மட்டும் துளிகூடக் கலைந்திருக்காது. புருஷன் போய்விட்டால் வெள்ளைச் சேலையில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாராவது வந்து அவளுக்காகப் பேசும்வரை தூணை விடமாட்டாள். எனக்கு அந்தத் தூண்மேல்தான் இரக்கம் வந்தது.

அப்போதுதான் வில்லி மாடிப்படியில் இறங்கி வருவாள். முழங்கை வரை கச்சிதமாக இறங்கிய ரவிக்கை. அடர்த்தியான கலரில் பட்டு. தூக்கிப் போட்ட கொண்டை, ஓரம் கூரான மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு புரோச். அவள் வந்தால் சோபாவில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவளும் முக்கால்வாசிப் படத்தில் விதவைதான். சொத்தை ஆள்கிற பெரிய வீட்டு அத்தை. ஆனால் அதை அவளிடம் ஞாபகப்படுத்துகிற துணிச்சல் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கிடையாது. அடடா, இத்தனை வருடம் இவளை எங்கே விட்டிருந்தேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுவாரம் கடைக்குப் போனேன். "எந்தக் கலரு பாக்குறீக, அக்கா?" என்று கேட்டான் கடைப் பையன். "டிவியில கறுப்பாத் தெரியிற கலரு" என்றேன். முழித்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அவள் என்ன கலர் கட்டியிருந்தாள் என்று யாருக்குத் தெரியும்? அவ்வளவு திமிராக இறங்கி வருகிறவள் அரக்குத்தான் கட்டியிருப்பாள் என்று நானே முடிவு செய்தேன். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தைக்கிற டெய்லரிடம் துணியைக் கொடுத்தேன். "டீச்சரு, முழங்கை வரைக்கும் இப்ப யாரு வைக்கிறா? பாட்டி கணக்கா இருக்குமே" என்றார். "நீங்க வைங்கண்ணே, யாரு கணக்கா இருக்குன்னு நான் பாத்துக்கிறேன்."

என் வீட்டில் மாடிப்படி இல்லை. மேலூர் பஸ்ஸின் படிதான் இருந்தது. கூட்டத்தில் நசுங்கி, கிரானைட் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு இறங்கினாலும் அந்த ரவிக்கையில் முதுகு தானாக நிமிர்ந்தது. வகுப்புக்குள் நுழைந்தேன். பெஞ்சுகள் கடகடவென்று எழுந்தன. யாருக்கும் என்மேல் பாவம் வரவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாத்தியார் மட்டும், "என்ன டீச்சர், இன்னைக்கு விசேஷமா?" என்று இழுத்தார். "ஆமா சார், வியாழக்கிழமை" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் சேலையைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. அரக்கு, மயில் கழுத்து, கத்தரிப்பூ, கரும்பச்சை. கண்ணாடியும் மாறியது, கொண்டையும் உயர்ந்தது. முதுகுக்குப் பின்னால் பேச்சும் ஒரு குறைவில்லாமல் நடந்தது. நாத்தனார் என் முகத்துக்கு நேரே "மதினிக்கு எல்லாக் கலரும் எடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குள் போய் "பாத்தியா கூத்த" என்பாள். அடுப்படி அப்படியொன்றும் தூரம் இல்லை.

போன வருடம் என் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. ஒரே பெண். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளை அவளோடு வேலை பார்க்கிற பையன். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பம். நல்ல மனுஷர்கள். நிச்சயதார்த்தம் மதுரையில் ஒரு மண்டபத்தில் சாயங்காலம். எங்கள் பழக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் தாம்பூலத் தட்டைக் கொடுக்க, பையனைப் பெற்றவர்கள் வாங்கிக்கொண்டு தங்கள் தட்டைக் கொடுப்பார்கள். அது கை மாறினால்தான் நிச்சயம். பெற்றவள் விதவையாக இருந்தால் அவளுக்குப் பதில் வேறொரு ஜோடி கொடுக்கும்.

நான்தான் கொடுப்பேன் என்றேன். பெற்றவள் நான், படிக்கவைத்தவள் நான், பஸ்ஸில் நசுங்கியவள் நான். மகள் போனில் சிணுங்கினாள். "அம்மா, ப்ளீஸ்மா. அவங்க வீட்ல பெரியவங்க ஒரு மாதிரி. நீ முன்னால வந்தா ஏதாவது சொல்லுவாங்க. அத்தையும் மாமாவும் குடுக்கட்டும்." ரெண்டு வாரம் சண்டை போட்டேன். கடைசியில், என்னால் அவள் கல்யாணம் கெட்டது என்று பேர் வரக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். ஊரே பேசினபோது வலிக்காதது, பெற்ற பிள்ளை சொன்னபோது வலித்தது.

இந்த லட்சணத்தில் நிச்சயத்துக்கு 'ரெட்ரோ தீம்' வேறு. என் மகள் கண்டுபிடித்தது. பழைய படம் மாதிரி இருக்க வேண்டுமாம். பழைய படம் என்றால் கறுப்பு வெள்ளை. அதனால் வருகிற பெண்களெல்லாம் கறுப்பு அல்லது வெள்ளை கட்டி வர வேண்டும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அந்தக் காலத்து மனுஷிகள் கலர் கலராகத்தான் கட்டினார்கள், கேமராவுக்குத்தான் கலர் தெரியாது என்று சொன்னேன். "உனக்கு அந்த 'வைப்' புரியாதும்மா" என்றாள். ஒன்பது வருடமாகப் பழைய படத்தையே உடுத்திக்கொண்டு திரிகிறவளுக்குப் புரியாதாம்!

நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாது என்று ஒருத்தி குரூப்பில் ஆரம்பித்தாள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். கறுப்பை விட்டால் மிச்சம் என்ன? வெள்ளை. கணக்குப் பார்க்க ஒருத்தி இல்லை. அன்று சாயங்காலம் மண்டப வாசலில் போய் நின்றால், உள்ளே நாற்பது சுமங்கலிகள் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருக்கிறார்கள். சமையல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, மண்டபம் மாறி வந்துட்டமாடா?" என்று உதவியாளரிடம் கேட்டதை என் காதால் கேட்டேன். நான் அரக்குப் பட்டு. முழங்கை ரவிக்கை, கொண்டை, புரோச். சந்தனக் கலர் கட்டச் சொல்லி நாத்தனார் மூன்று தடவை போன் செய்திருந்தாள். தட்டை விட்டுக்கொடுத்தேன், சேலையை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று கட்டிக்கொண்டு வந்தேன்.

நாத்தனார்தான் அன்றைய கதாநாயகி. பியூட்டி பார்லருக்குப் போய்க் கழுத்து வரை ஏறிய வெள்ளை ரவிக்கை, வெள்ளைப் பட்டு. கலர் வந்தால் தீம் கெட்டுவிடும் என்று பார்லர்க்காரி வகிட்டுக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, நெற்றியில் கடுகளவு கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள். தாலி ரவிக்கைக்குள் போய்விட்டது. இவளும் கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போய் வந்திருக்கிறாள்.

தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. மேடையில் மாப்பிள்ளையும் என் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனாரின் புருஷனைக் காணவில்லை. பந்தியில் கேசரி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தார். கூப்பிட ஆள் ஓடியது. அதற்குள் இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூத்த அக்கா ஒருவர் எழுமலையிலிருந்து வந்து மேடையோரம் நாற்காலியில் இருந்தார். எழுபது தாண்டியவர், ரெண்டு கண்ணிலும் புரை. வெள்ளையாக ஏதோ அசைவதைப் பார்த்ததும் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

"ஏத்தா, ஒனக்கு அறிவிருக்கா? புருசன் இல்லாதவ நல்ல காரியத்துல முன்னால வந்து நிக்கலாமா? தட்ட வச்சிட்டு அங்கிட்டுப் போ."

"ஐயோ, நான் சுமங்கலி!" என்று நாத்தனார் அலறினாள்.

"வெள்ளச்சேலையக் கட்டிக்கிட்டு என்னத்த சொமங்கலி? தாலி எங்க?"

நாத்தனார் கழுத்துக்குள் விரலை விட்டுத் தாலியைத் தேடினாள். ரவிக்கை தொண்டையை இறுக்கிக்கொண்டு இருந்தது, கொக்கி முதுகில். தாலி வரவில்லை. அழுகைதான் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வேணும், நல்லா வேணும் என்றுதான் மனதுக்குள் சொன்னேன்.

அந்த அம்மாள் தட்டைப் பிடுங்கிச் சுற்றிலும் துழாவினார். முன்வரிசையில் இருந்த என் அரக்கு அவர் கண்ணில் பட்டது. "இந்தா, நீ வாத்தா. நீதான பொண்ணப் பெத்தவ? மங்களமா இருக்க. இம்புட்டு நேரம் ஏன் கீழ உக்காந்துருக்க?" மேடை ஏறினேன். தட்டு என் கைக்கு வந்தது.

மகள் என்னையே பார்த்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள்: சொல்லாதேம்மா. எனக்கும் ஆசைதான். வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டால் முடிந்தது. ஆனால் அப்புறம் என் மகளைக் கொடுத்தது யார்? அந்த அம்மாள் நினைத்துக்கொண்ட யாரோ ஒரு சுமங்கலி. நான் இல்லை. மறுபடியும் நான் இல்லை.

"நான்தான் புருஷன் இல்லாதவம்மா" என்றேன், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற வகுப்புக் குரலில். "அந்தா அழுறாள்ல, அவ புருஷன் பந்தியில நல்லா இருக்காரு. பொண்ணப் பெத்தவ நான். நான்தான் குடுப்பேன். வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்."

அந்த அம்மாள் என்னமோ முனகினார். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்து என் கையைப் பிடித்தார். "சம்பந்தி, எங்களுக்குத் தெரியாதா? அவுக வயசானவுக, கண்டுக்கிறாதீக. நாங்க மொதல்ல இருந்து ஒங்களத்தான் குடுக்கச் சொன்னோம். நீங்களே ஒதுங்கிக்கிறதாச் சொன்னீகன்னு ஒங்க பொண்ணுதான சொல்லுச்சு?"

நான் திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்தது. அவர்கள் வீட்டில் யாரும் என்னை ஒதுங்கச் சொல்லவில்லை. நான் நிற்பதை விரும்பாத ஒரே ஆள் அவள்தான். ஒன்பது வருடமாக அடுப்படியில் நடந்த பேச்சு இவள் காதிலும் விழுந்திருக்கிறது, ஒரு பகுதியை நம்பியும் இருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை முதலில். தட்டில் சரிந்திருந்த வெற்றிலையை நேராக அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

சம்பந்தியம்மாள் கையில் தட்டை வைத்தேன். வாங்கிக்கொண்டு அவருடைய தட்டைக் கொடுத்தார், வாங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் குனிந்து மகள் காதில் சொன்னேன்: "கல்யாணத்தன்னைக்கு ஒன்னத் தாரைவார்த்துக் குடுக்கவும் நான்தான் வருவேன். இன்னொரு வாட்டி என் பேரச் சொல்லிப் பொய் சொன்னே, மணவறைன்னுகூடப் பாக்க மாட்டேன், அறஞ்சுருவேன்."

"சரிம்மா" என்றாள். என் அரக்குச் சேலையின் நுனியை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கட்டும் என்று விட்டேன்.