எண்பத்து நான்கு கட்டங்கள்

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உயரமானவர்கள் தலையைக் குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். பதினெட்டு வருடமாக அங்கே புண்களைக் கழுவிக் கட்டுப் போடுகிறவரை டிரெஸ்ஸிங் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சின்ன உருவம். சிரிக்கும்போதுகூட அவர் கண் எதிராளியின் காலில்தான் இருக்கும்.

என் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். ஏணி சரிந்து விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே சதை கிழிந்துவிட்டது. சர்க்கரை வேறு இருந்ததால் புண் ஆறவே இல்லை.

"நாலு வாரம் பார்ப்போம். பாதியாவது சுருங்கணும். இல்லேன்னா காலை எடுக்கிறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். எனக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் எங்கேயுமே அப்படித்தான்.

அக்கா மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின்மேல் விரித்தார். வளைந்து நெளிந்த விளிம்பைப் பேனாவால் அப்படியே வரைந்தார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சின்னச் சின்னக் கட்டம் போட்ட காகிதம் ஒன்று இருந்தது. தாளை அதன்மேல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

என் கணவருக்குச் சும்மா இருக்க வராது. "நான் சுவரை நீளம், அகலம் அளந்து பெருக்கி பெயின்ட் வாங்குறவன். நீங்க என்னக்கா, குறுக்கெழுத்துப் போட்டி நடத்துறீங்க?"

"உங்க சுவருக்கு நாலு மூலை இருக்கு. இதுக்கு எங்கே இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்றார் அக்கா. பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "நானும் முன்னாடி ஸ்கேல் வச்சுத்தான் அளந்தேன். ஒருத்தருக்குப் பிறை மாதிரிப் புண். நடுவுல நல்ல தோலு. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, குறையவே இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். அந்த நல்ல தோலையும் சேர்த்துப் பெருக்கியிருக்கேன். அவரு காலை எடுத்துட்டாங்க. அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

என் கணவர் கட்டங்களைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

முழுக் கட்டம் ஒன்று. பாதியும் அதற்கு மேலும் நிறைந்திருந்தால் அதுவும் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடுவார். இடப்பக்கமிருந்து ஒருமுறை, வலப்பக்கமிருந்து ஒருமுறை. எண்பத்து நான்கு வந்தது.

"நாலாவது வாரம் நாப்பத்திரண்டுக்குள்ள வரணும். நடுவுல எத்தனைன்னு என்னைக் கேக்காதீங்க. ஒரு வாரம் குறையலைன்னு தெரிஞ்சதும் வராமலே நின்னுட்டவங்க உண்டு" என்று நோட்டை மூடினார். வரைந்த தாளைச் சுத்தம் செய்து எங்கள் ஃபைலில் வைத்துக் கொடுத்தார்; பிறகு வந்த வாரங்களிலும் அப்படியே.

அந்தத் தாள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் வீட்டில் மெத்தை உறை தைத்துக் கொடுக்கிறவள். வட்டமும் சதுரமும்தான் தைப்பேன். ஓரத்துக்கு எவ்வளவு பட்டி வேண்டுமென்று நூலால் சுற்றி அளப்பது என் வழக்கம். நூல் நீண்டால் மெத்தை பெரிது. இத்தனை வருடத்தில் அது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதேபோல அந்தக் கோட்டின்மேல் நூலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாம் வாரத் தாளில் நூல் அரை விரல் கூடியது. மூன்றாம் வாரம் ஒரு விரலுக்கு மேல் கூடியது. மூன்று முறை சுற்றிப் பார்த்தேன். அந்த அளவிலேயே நூலை அறுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். புண் வளர்கிறது. இனி என்ன சொல்ல? அவர் ஏணியில் நிற்கும் கால் அது.

நான்காம் வாரம் காலையில் ஃபைலை மெத்தை உறைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். போகாவிட்டால் காலை எடுக்கணும் என்ற வார்த்தையை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஃபைலு எங்கேம்மா?"

"தெரியலைங்க. அடுத்த வாரம் போயிக்கலாமே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கண் போன பக்கமாக நொண்டிக்கொண்டே போய் உறைகளைத் தூக்கினார். "நீ பொய் சொன்னா உன் காது சிவந்துடும். இருபது வருஷமா பார்க்கிறேன். வா, போகலாம்."

அக்கா வரைந்தார், கண்ணாடியில் வைத்தார், எண்ணினார். உதடு அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்திமூணு."

மறுபக்கமிருந்து எண்ணினார். "நாப்பத்தொண்ணு."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டார். "உள்ளே தொல்லை இல்லை. ஓரம் ரொம்ப நெளியுது. அரையும் காலுமா நிறைய கட்டம். அதான் ஏமாத்துது."

ஓரம் என்ற சொல்லைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, ஓரம் நீண்டுக்கிட்டே போகுது. நூல் வச்சுப் பார்த்தேன். புண்ணு வளருதுக்கா." அழுதுவிட்டேன்.

"எங்கே, அந்த நூலைக் கொடு." என் பையிலிருந்த மூன்றாம் வார நூலை வாங்கி மேஜையில் வட்டமாக வைத்தார். பிறகு நாலைந்து இடத்தில் விரலால் உள்ளே தள்ளினார். நூல் அதே நூல்தான். நடுவில் இருந்த இடம் மட்டும் ஒடுங்கிப்போனது. "புதுத் தோலு இப்படித்தான் விரல் விரலா உள்ளே வருது. அதான் ஓரம் நீளுது. பயப்பட வேண்டியது நூலுக்கு இல்லை, கட்டத்துக்கு. இரு, இன்னும் முடியலை."

இந்த முறை முழுக் கட்டங்களை மட்டும் முதலில் எண்ணினார். இருபத்தாறு. பிறகு துண்டு துண்டாக நின்றவற்றை இரண்டும் மூன்றுமாகச் சேர்த்து, ஒரு கட்டம் நிறைந்ததும் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். நான் புள்ளிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். பதினைந்தாவது புள்ளிக்குப் பிறகு ஒரு சின்னத் துணுக்குதான் மிச்சம்.

"நாப்பத்தொண்ணும் கொசுறும்" என்றார் அக்கா. அந்த எண்ணையே டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் காலையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இன்னும் நாலு வாரம் கட்டு மாத்துவோம். ஆபரேஷன் பேச்சு இப்போ வேணாம்."

என் கணவர் மெல்லக் காலை ஊன்றினார். "நான் எந்த நூலையும் நம்பலை. இவ காதைப் பார்த்துத்தான் கிளம்பி வந்தேன்" என்றார்.

நன்றி சொல்ல அக்காவைத் தேடினேன். குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்பெல்லாம் போன பிறகும் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார்.

"நாப்பத்திமூணுன்னு வந்தப்போ எனக்கு அந்தப் பிறைதான் ஞாபகம் வந்துச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். குழாயை மூடிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார்.