முருகன் ஏறாத டாப் மாடல்

அந்தக் கார்க் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உலகம் பூராவும் கடை விரித்திருக்கிறவர்களுக்கு, எட்டாவது வரை படித்த ஓர் ஆபீஸ் பியூன் விளம்பரம் செய்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. எழுபதுகளின் கடைசியில் டெல்லி கரோல் பாகில் எங்கள் முருகன் பஜனைக் குழு அந்தக் கம்பெனியின் காரால் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன். கம்பெனியையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் கார் செய்தார்கள், படம் போட்டார்கள். புத்தியை நாங்களாகத்தான் தூக்கிக் கொடுத்தோம்.

குழுவில் இருபது இருபத்தைந்து குடும்பம் இருக்கும். எல்லாரும் சர்க்கார் குமாஸ்தா, டைப்பிஸ்ட், என்னை மாதிரி பியூன். சனிக்கிழமை சாயங்காலம் காரியதரிசி வீட்டுக் கூடத்தில் பஜனை. எங்கள் அத்தனை பேரிடமும் இருந்த வாகனம் சில சைக்கிள்களும் ஒரே ஒரு ஸ்கூட்டரும்தான். அந்த ஸ்கூட்டரும் ஒரு பக்கமாகச் சாய்த்து உதைத்தால்தான் கிளம்பும். ரோட்டில் ஓடியது அம்பாசிடர், விட்டால் பியட். இப்படிப்பட்ட கும்பலுக்குள் ஒரு நாள் கேட்லாக் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் எங்கள் குழுவின் ஸ்டெனோ. ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் வேலை. அந்த நாட்டுக் கம்பெனிதான் அது. கண்ணாடி மாதிரி வழவழத்த தாளில், பக்கத்துக்கு ஒரு கார். பதினாறோ பதினேழோ மாடல். இரண்டு கதவு வைத்த குட்டி வண்டி, நாலு கதவு வைத்தது, பின்னால் நீட்டி விட்டது, கூரையே இல்லாதது, டீசலில் ஓடுவது, கடைசிப் பக்கத்தில் பிணவண்டி கூட. எல்லாவற்றுக்கும் ஒரே மூஞ்சி. ஒரே மூஞ்சிக்குப் பதினாறு பேர், பேர் கூட இல்லை, நம்பர். நம்பர் ஏற ஏற மதிப்பு ஏறுமாம். எங்கள் முருகனுக்கும்தான் ஆயிரத்தெட்டுப் பேர் இருக்கிறது. கந்தா என்று கூப்பிட்டால் சின்ன முருகன், சுப்ரமண்யா என்று கூப்பிட்டால் பெரிய முருகன் என்றா வருகிறான்?

அன்றிலிருந்து பஜனை அரை மணி நேரத்தில் முடிந்தது. மங்களம் பாடும்போதே கண்ணெல்லாம் கேட்லாக் இருந்த அலமாரி மேல். பாட்டுப் புத்தகத்தைச் சுண்டல் கையோடு புரட்டுகிற ஆசாமிகள், கேட்லாகைத் தொடுவதற்கு முன்னால் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்கள். இதை என் கண்ணால் பார்த்தேன்.

"எனக்கு அந்த நீட்டு வண்டிதான் சார். ஊருக்குப் போனா மூட்டை முடிச்சு எல்லாம் பின்னாடி போட்டுக்கலாம்" என்பார் ஒருவர். அவர் ஊருக்குப் போவதே மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, ரயில்வே சலுகையில்.

"டீசல் வேண்டாம் சார், சத்தம் போடும்" என்பார் இன்னொருவர், நாளைக்கே வாசலில் கொண்டுவந்து நிறுத்தப்போகிற மாதிரி.

எனக்கு வேறு கவலை இருந்தது.

அதற்கு முந்தின ஐப்பசியில் என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒன்றுக்கு இரண்டு தடவை. இரண்டாவது தடவை உள்ளே கொண்டுபோகும்போது டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அந்த வராந்தாவில் நின்றுகொண்டு நான் முருகனிடம் சொன்னேன். அப்பா, இவளை எனக்குத் திருப்பிக் கொடு. வருகிற பங்குனி உத்திரத்துக்கு உன்னை என் தோளில் சுமந்து, தோள் மாற்றாமல், நடுவில் இறக்கி வைக்காமல் முழுச் சுற்றும் வருகிறேன். கொடுத்தான். அவள் பாதி உடம்பாக வீட்டுக்கு வந்தாள். மாடி ஏறக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் குழுவில் முருகன் படம் வீதி சுற்றும். வள்ளி தெய்வானையோடு நாலடி உயரத்துத் தஞ்சாவூர்ப் படம். ஒரு பலகை, இரண்டு மூங்கில், நாலு ஆள். காரியதரிசி வீட்டில் கிளம்பி நாலு தெரு சுற்றித் திரும்ப வர வேண்டும். வருஷா வருஷம் நடப்பது. அதை நம்பித்தான் வாக்குக் கொடுத்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்டெனோ எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். அவருடைய துரை நல்ல மனுஷராம். லீவு நாளில் தூதரகத்துக் காரை டிரைவரோடு அனுப்பச் சம்மதித்துவிட்டாராம். "அங்கே நம்ம கேட்லாக் வண்டி மூணு நிக்குது. சின்னது, நடுவாந்தரம், டாப் மாடல். எது வேணும்னு கேட்டார்."

முருகன் எதில் ஏறுவான் என்று யாரும் கேட்கவில்லை. "டாப் மாடல்!" என்று கூடம் முழுக்கக் கத்தியது. அரோகரா சொல்லும்போது கூட அந்தச் சத்தம் வந்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு காரியதரிசியைத் தனியாகப் பிடித்தேன். கும்பகோணத்துக்காரர், அப்பர் டிவிஷன் கிளார்க். என் நேர்த்திக்கடனை முழுக்கச் சொன்னேன். அவர் என் முதுகில் தட்டினார்.

"காலம் மாறிடுத்து ஐயா. கேப்பிடல்ல உக்காந்துண்டு சாமியத் தோள்ல தூக்கிண்டு ஓடினா பஞ்சாபிக்காரன் சிரிக்கிறான். உமக்கென்ன, நேர்த்திதானே? கார் முன்னாடி நூத்தியெட்டுத் தேங்காய் உடையும். சரியாப் போச்சு."

"தேங்காய்க்கு நேரலியே சார். தோளுக்குல்லா நேர்ந்தேன்."

"முருகன் ஒண்ணும் உங்க ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் இல்லே. அட்ஜஸ்ட் பண்ணிப்பார்."

அப்புறம்தான் தெரிந்தது, மூங்கிலே இல்லை என்று. புதிதாக டெலிவிஷன் வாங்கிய காரியதரிசியும் ஸ்டெனோவும் ஆளுக்கொன்றாக எடுத்து மொட்டை மாடியில் ஏரியல் கட்டியிருந்தார்கள். முருகனைத் தூக்கின மூங்கில் ஞாயிற்றுக்கிழமை இந்திப் படத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம்.

"இப்ப என்ன செய்யப் போறீய?" என்றாள்.

"தெரியல. விரதத்த விடல. அம்புட்டுத்தான்."

"விடாதீய" என்றாள்.

உத்திரத்தன்று காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. கருகருவென்று, எருமை குளித்து ஏறின மாதிரி ஒரு பளபளப்பு. தெருவில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. காய்கறி வண்டிக்காரன் பின்னாலேயே நகர்ந்து மூலைக்குப் போனான். எங்கள் ஆட்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிரதட்சணம்தான். வேறென்ன சொல்ல? ஒருவர் பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேட்டால் தூசு என்றார்.

டிரைவர் சர்தார்ஜி, வெள்ளை யூனிபாரம். நாலு பேர் மாலை போட்ட படத்தைத் தூக்கி வந்து பின் கதவைத் திறந்ததும் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பையா, ஜரா ஸம்பால்கே. ஸீட் அஸ்லி சம்டே கீ ஹை."

பார்த்து வையுங்கள், சீட் அசல் தோல் என்கிறார். தூக்கினவர்கள் அப்படியே நின்றார்கள்.

ஸ்டெனோ சிரிக்கப் பார்த்தார். "ரெக்ஸினா இருக்கும் சார். இவனுக்கு என்ன தெரியும்?" அதையே இந்தியில் டிரைவரிடமும் கேட்டுத் தொலைத்தார்.

சர்தார்ஜிக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெக்ஸினா? இது டாப் மாடல்! சின்ன மாடலில்தான் துணி சீட்டு, நடு மாடலிலும் துணிதான், இதில் மட்டும் சுத்தமான மாட்டுத் தோல், வேண்டுமானால் முகர்ந்து பார் என்றார். ஒருவர் நிஜமாகவே குனிந்து முகர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு மாதமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்களே, எந்த வண்டிக்கு எத்தனை விளக்கு, எத்தனை குதிரை சக்தி என்று மனப்பாடமாக ஒப்பித்தார்களே, சாமி உட்காரப் போகிற இடம் எதனால் ஆனது என்று ஒரு ஆள் கூடப் பார்க்கவில்லை. குட்டி வண்டியே போதும் என்றிருந்தால் துணியில் உட்கார்ந்து முருகன் சுகமாகப் போயிருப்பான். உயரத்துக்கு ஆசைப்பட்டு மாட்டுத் தோலைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

பிறகு நடந்த விவாதம் இருக்கிறதே.

"மேலே பட்டு வேஷ்டிய விரிச்சா போச்சு."

"அடியில தோல் தோல்தானே சார்?"

"மிருதங்கம் தோல் இல்லையா? கோயிலுக்குள்ளயே வாசிக்கறாளே?"

"வாசிக்கறா. அது மேல முருகன உக்கார வெக்கறாளா?"

"பரமசிவனே புலித்தோல்ல உக்காரலையா?"

"அது அவரே உரிச்சது. இது உங்க துரை உரிச்சது!"

கூரை மேல் வைத்துக் கட்டலாம் என்றார் ஒருவர். பெயிண்ட் போய்விடும் என்று சர்தார்ஜி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இதற்குள் காரியதரிசியின் மனைவி ஆலாத்தித் தட்டோடு படியில் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டார். தட்டைக் கீழே வைத்தார்.

"மாட்டுத் தோல்ல வெச்ச படத்துக்கு நான் ஆலாத்தி எடுக்க மாட்டேன். யாரு எடுக்கறாளோ எடுக்கட்டும்."

மற்றப் பெண்கள் ஒருத்தரும் தட்டின் பக்கம் போகவில்லை. அத்தோடு முடிந்தது.

தூக்கியவர்கள் படத்தைத் தட்டுத்தடுமாறி மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். "வீதி சுத்தறது இந்த வருஷம் வேண்டாம். உள்ளேயே அர்ச்சனை பண்ணிடலாம்" என்றார் காரியதரிசி. சார், மூங்கிலைக் கழற்றுங்கள் என்றேன். ஏரியலை இறக்கினால் மறுபடி கட்ட ஆள் கிடைக்காது என்றார். இது சாமி மேல் சத்தியமாக அவர் சொன்ன பதில்.

வாசலில் ஓரமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்களில் மூன்று வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கிறவள். விழுப்புரத்துப் பக்கம். குடும்பத்தோடு குடிசையில் இருந்தாள். புருஷன் கட்டட வேலை. உத்திரத்துக்கு அவர்கள் தெருவே வந்து நிற்கும், நாங்கள் கடைசியில் பிரசாதம் கொடுப்போம். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, மூங்கி இல்லாததுக்கா நிறுத்துறாங்க? எங்காளு சாரம் கட்டுற எடம் பின் தெருதான். இன்னிக்கு வேலை இல்ல. ரெண்டு கொம்பு கேட்டா மேஸ்திரி குடுப்பாரு."

கால் மணி நேரத்தில் அவள் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் சிமென்ட் ஒட்டின இரண்டு சாரக் கொம்போடு வந்தார்கள். குழாயடியில் தேய்த்துக் கழுவினோம். நான் மஞ்சள் தடவினேன். பலகையைக் கட்டினது அவர்கள்தான். கயிறு போடுவதில் எங்கள் இருபத்தைந்து பேருக்கும் சேர்த்து அந்தக் கை வராது. கட்டி முடித்ததும் அவள் புருஷன் தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

"தூக்குறதுக்கு ஆளு இருக்காங்களாண்ணே? இல்ல, நாங்க தொடலாமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. காரியதரிசி மேலே ஏரியலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக இந்த ஜனங்களை வரிசையின் கடைசியில் நிற்க வைத்துத் தொன்னையை நீட்டியவன் நானும்தான். மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும்.

"தூக்குங்க. நான் வலது முன் பக்கம்" என்றேன்.

காரியதரிசி அவசரமாக அருகில் வந்தார். "இதெல்லாம் நன்னா இருக்குமா? நாலு பேர் என்ன சொல்வா?"

"நாலு பேரு தூக்குதோம். மத்தவங்க சொல்லிக்கிடட்டும் சார்" என்றேன். பியூன் வேலையில் அப்படி நான் பேசியதில்லை.

கிளம்பினோம். கார் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவ்வளவு தூரம் வந்ததைச் சும்மா அனுப்பினால் துரை தப்பாக நினைப்பார் என்று காரியதரிசி, ஸ்டெனோ, ரத்தக் கொதிப்புக்காரர் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். முருகனுக்கு ஆகாத தோல் அவர்களுக்கு ஆயிற்று. சாமிக்கு முன்னால் கார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டதில் எங்கள் பாட்டு உள்ளே கேட்டிருக்காது. முதல் தெருவில் பத்தடிக்கு ஒரு தரம் நின்றது. இரண்டாவது தெருவில் ஒரு தடவை ஹாரன் அடித்தது. மூன்றாவது தெருத் திரும்பும்போது காணவில்லை. இந்தியா கேட் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தோம், உள்ளே ஏ.சி. ஜில்லென்று இருந்தது என்று பிற்பாடு ஸ்டெனோ சொன்னார். பங்குனி உத்திரத்தன்று.

எனக்கு மூன்றாவது தெருவில் தோள் எரிய ஆரம்பித்தது. சாரக் கொம்பில் கணு இருக்கிறது, அது சரியாகக் கழுத்தோரம் வந்து உட்கார்ந்தது. தலையைத் திருப்ப முடியாது. பின்னால் யார் வருகிறார்கள், எத்தனை பேர் என்று தெரியாது. தாளச் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் வந்த அந்த ஆள் என் கால் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, "மெதுவா வாங்கண்ணே, சாமிக்கு என்ன பஸ்ஸா புடிக்கணும்" என்றார். எல்லாரும் நடையைக் குறைத்தோம். முருகா, இந்தத் தோள் உன்னுடையது, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். தோள் மாற்றவில்லை. எங்கேயும் இறக்கவில்லை. நாலாவது தெரு முடிந்து, காரியதரிசி வீட்டு வாசலில், அவர் மனைவி ஆலாத்தி எடுத்த பிறகுதான் இறக்கினோம்.

நிமிர்ந்து திரும்பினேன். படத்துக்கு நேர் பின்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லாத கால், முழங்கால் வரைக்கும் தூசி. பாத்திரம் தேய்க்கிற அந்தப் பெண் அவள் கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கியிருந்தாள். நாலு தெருவும் நடந்திருக்கிறாள். வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டியா? நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. என் தோளைப் பார்த்தாள். முந்தானையால் சட்டையில்லாத அந்த இடத்தை ஒற்றினாள். கொஞ்சம் ரத்தம் வந்தது.

"நீங்க தோளுக்கு நேர்ந்துக்கிட்டீய. நான் காலுக்கு நேர்ந்துக்கிட்டேன்" என்றாள். "சாமி அந்தக் கார்ல போயிருந்தா நான் பின்னால எங்கிட்டுக் கூடி ஓட?"