அம்மாவுக்குக் கதைக்க வராது

பேசுவதற்காகத் திறந்த அம்மாவின் வாய் பேசாமலே மூடிக்கொண்டதை நான் இன்றும் மறக்கவில்லை. விசுவமடுவில் எங்கள் பாடசாலை முற்றத்து வேம்பின் கீழ் பரிசளிப்பு முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. பேச்சுப் போட்டியில் அக்காவுக்கு முதலிடம். பரிசாகக் கிடைத்த சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அம்மா மிளகாய்த் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டு, முகம் கழுவி, கோயிலுக்கு மட்டும் உடுத்தும் மஞ்சள் சேலையில் வந்திருந்தாள். வகுப்பு டீச்சர் எங்களைத் தேடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பிள்ளை என்ன வடிவாய்ப் பேசினவா! ஆர் பழக்கினது? நீங்களோ?” அம்மா சிரித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அவாவுக்குக் கதைக்க வராது, டீச்சர். பிறந்ததில இருந்தே அப்பிடித்தான்.”

டீச்சரின் முகம் இளகிவிட்டது. “ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே” என்று அம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தார். அம்மா அக்காவைப் பார்த்தாள். கோபமான பார்வை அல்ல. கூட்டத்தில் தெரிந்தவர் என்று நெருங்கிப் போய், வேறு யாரோ என்று கண்டவர் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு டீச்சரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்காவுக்கு அப்போது பதினொரு வயது. நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் நின்றேன்.

அம்மாவும் அப்பாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். இனக்கலவரத்தில் அவர்களுடைய லயத்து வரிசை வீடு எரிந்தபோது கட்டிய துணியோடு லொறியேறி வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டி, மண்சுவர் எழுப்பி, அயலவர் தோட்டங்களில் கூலிக்கு நின்று எங்களை வளர்த்தார்கள். நாங்கள் இருவரும் பிறந்தது வன்னியில்தான். ஆனால் எங்கள் வீட்டின் பேச்சு மலையிலிருந்து இறங்கவே இல்லை. குடியிருப்பில் எல்லோரும் எங்களைப் போன்றவர்கள் என்பதால் தமிழை வேறு விதமாகவும் பேசலாம் என்பது பள்ளிக்கூடம் போகும்வரை எங்களுக்குத் தெரியாது.

அக்கா பள்ளிக்குச் சேர்ந்த அன்று முதலாம் வகுப்பு டீச்சர், “சாப்பிட்டனியோ பிள்ளை?” என்று கேட்டிருக்கிறார். “ஆமாங்க டீச்சர், ரொட்டி சாப்புட்டேங்க” என்று அவள் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு ‘ஆமாங்க’ என்று பெயர். சிரித்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர். யாரைக் கண்டால் தங்கள் வீடுகளில் குரல் தணிகிறது, யாரைக் கண்டால் உயர்கிறது என்பதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான். டீச்சரும் நல்லவர். சிரித்தவர்களை அதட்டி அடக்கினார். அக்காவின் கண்ணைத் துடைத்து, “ஓம் எண்டு சொல்ல வேணும், என்ன? அதுதான் சரி” என்று அன்பாகச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளின் சிரிப்பைவிட அந்த அன்புதான் அவளுக்குள் ஆழமாக இறங்கியது என்று இப்போது நினைக்கிறேன். சிரித்தவர்களை எதிர்த்து நிற்கலாம். அணைத்துக்கொண்டு திருத்துகிற கையை ஒரு குழந்தை எப்படி எதிர்க்கும்?

அந்தப் பள்ளித் தவணை முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்குப் போய்விடுவாள். வாளியில் தண்ணீரை அள்ளி ஊற்றியபடி, “ஓம், வாறன், போறன், எனக்குத் தெரியேல்லை” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். அடுத்த தவணையில் அவளுடைய பேச்சில் ஒருவராலும் குறை பிடிக்க முடியவில்லை. எனக்கு அந்தப் பேச்சு நோகாமலே வந்தது. நான் வாங்க வேண்டிய கேலியையும் அவளே முன்னால் போய் வாங்கியிருந்தாள்.

பிறகு அந்தத் திருத்தம் வீட்டுக்குள்ளும் வந்தது. அதுவரை அம்மாவை ‘நீ’ என்று அழைத்தவள் ஒருநாள், “அம்மா, நீங்கள் இஞ்ச வாங்கோ” என்றாள். அடுப்படியில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “என்னா பாப்பா, யாரோ அசலூருப் பொம்பளைகிட்ட பேசுற மாதிரி பேசுற?” என்று கேட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. “அப்பிடிச் சொல்லக் கூடாது அம்மா. பேசுற இல்லை, கதைக்கிறாய் எண்டு சொல்லுங்கோ” என்றாள். அம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் நாக்கு வளையவில்லை.

இப்போது கிளிநொச்சியில் முன்பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சின்னப் பிள்ளைகளோடு என் காலம் போகிறது. ஒரு பிள்ளை புதிய சொல்லொன்றைச் சொன்னதும் உடனே எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். அது சொல்லை மட்டும் கற்பதில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த முகம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே கற்கிறது. தன் தாயின் சொல்லுக்குச் சுளித்த முகத்தைத் திரும்பத் திரும்பக் காணும் பிள்ளை, பிழை சொல்லில் என்று நினைப்பதில்லை. பிழை தாயில் என்று நினைக்கிறது. கொஞ்சக் காலம் போக, அந்தத் தாயின் வயிற்றில் பிறந்த தன்னில் என்று நினைக்கிறது. அக்கா அன்று டீச்சரிடம் சொன்னது பொய்தான். ஆனால் ஓடி ஒளிய வேறு இடம் தெரியாத பிள்ளையின் பொய் அது.

பரிசளிப்பு நடந்த அன்று வீட்டில் பெரிய சண்டை வெடிக்கும் என்று பயந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா வழக்கம்போல் சோறு போட்டாள். விஷயம் தெரிந்து அப்பாதான் கொதித்தார். “இது என்னா கூத்து? பெத்தவள ஊமங்குது!” அம்மா அவரைத் தடுத்தாள். “விடுங்க. படிக்கிற புள்ள. நம்மளால அது தல குனியக் கூடாது.”

அதன் பிறகு பள்ளிக்கூடப் பக்கத்தில் அம்மா ஊமையாகவே இருந்தாள். எங்கள் குடியிருப்பு குளத்துக்கு அப்பால் தள்ளியிருந்ததால் பள்ளிக்கூடப் பக்கத்தவர்கள் எங்களிடம் வருவதில்லை. குடியிருப்பிலிருந்து அந்தப் பள்ளிக்குப் போனவர்களும் நாங்கள் இருவர்தான். கடையில் சாமானைக் கையால் காட்டி வாங்குவாள். கூட்டங்களில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, டீச்சர்மார் சொல்வதற்குத் தலையசைப்பாள். ‘ஊமை அம்மா’ என்றால் எல்லோருக்கும் இரக்கம். ஆரம்பத்தில், வீட்டுப் படலையைச் சாத்தியதும் அன்று சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள். வருடங்கள் போக அந்தப் பேச்சும் குறைந்தது.

சண்டை எங்களைக் கடற்கரை நோக்கித் துரத்தியபோது அக்கா உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஊர் ஊராக விட்டு ஓடி, முல்லைத்தீவுக் கரையில் ஒரு மணல் திட்டில் பதுங்குகுழி வெட்டினோம். பக்கத்துக் குழியில் அக்காவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம். அந்தத் தோழியின் தாய் எங்கள் அம்மாவை முன்பே ஊமையாக அறிந்தவர். அதனால் அங்கும் அம்மா பேசவில்லை. ஷெல் குண்டு விழுந்த வேளைகளில்கூட எங்களைக் கையால் இழுத்து அணைத்தாளே தவிரக் கத்தவில்லை. அக்காவால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் குழிக்குள் அம்மாவின் மடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கதையுங்கோ அம்மா. ஆர் என்ன சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை. கும்பிட்டுக் கேக்கிறன், கதையுங்கோ.”

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். பக்கத்துக் குழிப் பக்கம் கண்ணைக் காட்டி, காதோடு காதாகச் சொன்னாள். “இப்பப் போயி நான் பேசுனா, நீ பொய் சொன்னவன்னு ஆயிருமே பாப்பா.”

அம்மா எங்களுக்குச் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. அடுத்த நாள் காலையில் தோழியின் தாயோடு கஞ்சி வாங்கப் போனவள் திரும்பி வரவில்லை. கஞ்சி வரிசையில் ஷெல் விழுந்து, அந்தத் தாய் மட்டும் வந்தார். சட்டையெல்லாம் இரத்தம், அவருடையது அல்ல. எங்கள் குழி வாசலில் விழுந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு அக்காவின் கையைப் பிடித்தார். அழுகைக்கு நடுவே அவர் முகத்தில் வேறொரு வியப்பும் இருந்தது.

“பிள்ளை, உங்கட அம்மா கதைச்சவா! என்ர மடியில கிடந்து கதைச்சவா. ‘என்ர பிள்ளையளைப் பார்த்துக்கொள்ளுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினவா. வாய் பேசாத மனிசிக்கு எங்கட வற்றாப்பளை அம்மாள்தான் கடைசி நேரத்தில வாய் குடுத்தவா.”

அக்கா அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். “அப்பிடியே சொன்னவாவோ? அந்தச் சொல்லாலதானோ சொன்னவா?” என்று கேட்டாள். “ஓம் பிள்ளை, அப்பிடித்தான் ஏதோ சொன்னவா, எனக்கு விளங்கினது அப்பிடித்தான்” என்றார் அவர். அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள். அவருக்கு ஞாபகமில்லை. கேட்ட மாத்திரத்திலேயே அம்மாவின் கடைசிச் சொற்கள் இன்னொருவரின் பேச்சாகிவிட்டன. அப்போதுதான் அக்கா வீரிட்டாள். “எங்கட அம்மாவுக்கு எப்பவும் கதைக்க வரும்! எப்பவும் வரும்! நான்தான் சொன்னனான், நான்தான்!” அயற்குழிகளில் இருந்தவர்கள் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “பாவம், தாயைப் பறிகுடுத்த பிள்ளை, மூளை கலங்கிப்போச்சு” என்றார்கள். ஒருவரும் அவளை நம்பவில்லை.

சண்டை முடிந்து, வவுனியா அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தோம். அக்கா படிப்பைத் தொடரவில்லை. கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள். அந்தத் தோழியின் தாய் இன்றும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறவர்களிடம் அந்த அற்புதத்தைச் சொல்லி அழுவதாகக் கேள்வி. அக்கா அந்தக் கோயில் பக்கம் போவதில்லை. அவளுடைய பேச்சைக் கேட்டு இன்று ஒருவரும் அவளை எந்த ஊர் என்று கேட்பதில்லை.

போன வருடம் அப்பா காலமானார். செத்தவீட்டுக்கு வர முடியாத அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, மலைநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். நாங்கள் ஒருபோதும் காணாதவள். அக்காதான் எடுத்தாள். மறுமுனையில், “பாப்பாவா? சித்தி பேசுறேன் கண்ணு” என்று கேட்டதும் தொலைபேசியோடு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். நான் வாங்கிக் கேட்டேன். அம்மாவின் குரல் அப்படியே இருந்தது.

அப்பாவின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் இருவரும் பஸ் மாறி மாறி மலைநாட்டுக்குப் போனோம். லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றையறை வீடொன்றில், சித்தி இருந்தாள். முகம் அம்மாவைப் போல் இல்லை, குரல் மட்டும்தான். தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள். அக்கா வழியெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஒங்கள பாக்கத்தாங்க சித்தி வந்தோம். எங்க அம்மா வந்து... ஒங்கள மாதிரிதாங்க...” என்று தொடங்கினாள். சொற்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் நாடகத்தில் யாரோ வேடமிட்டுப் பேசுவதுபோல் இருந்தது. வாசலில் நின்ற சித்தியின் பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

சித்தி பிள்ளைகளை விரட்டிவிட்டு வந்து அக்காவின் கன்னத்தைத் தடவினாள். “எதுக்குக் கண்ணு செரமப்படுற? நீ ஒங்க ஊருப் பேச்சுலயே பேசு. எங்களுக்கு நல்லா வெளங்கும்.”

அக்கா எழுந்து போய்ச் சித்தியின் காலடியில் உட்கார்ந்தாள். “நான் ஒண்டும் கதைக்கேல்லை சித்தி. நீங்கள் கதையுங்கோ. என்னத்தையெண்டாலும் கதையுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.”

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு, நேற்றைய மழையில் வாய்க்கால் உடைந்ததை, கொழுந்து குறைந்து போனதை, பால் வற்றிய ஆட்டை, எதிர்க் காம்பராக் கிழவனின் இருமலை, ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா அவள் முழங்காலில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடியிருந்தாள். கீழே றோட்டில் நாங்கள் திரும்பிப் போக வேண்டிய பஸ் ஹோர்ன் அடித்தபடி வந்து, நின்று, போனது. நான் அவளை எழுப்பவில்லை.